எரிச்சலும் உடம்பும்: சிட்னி 2008 குறித்துச் சில குறிப்புகள்

2008 ஜூலையில் சிட்னியில் நடந்த உலக இளையோர் தினத்துக்கு என் நண்பர் ஒருவரின் மகள் போய்வந்தாள். பங்குக் கோயில் குழுவோடு போனாள். ஒரு பள்ளிக்கூடத் தரையில் படுத்துத் தூங்கியது, அந்த ஊர்க் குளிர், துறைமுகப் பாலத்தின் மேல் நடந்து ராண்ட்விக் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போனது என்று ஒரு மாலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு கூட்டம் போப்பை எதிர்த்துக் கோஷம் போட்டதாம். போகிறவர்களிடம் ஆணுறைப் பாக்கெட்டுகளை நீட்டியதாம். கோபம் வந்ததா என்று கேட்டேன். "எதுக்கு அங்கிள் கோபம்? அவங்க கத்தினாங்க, நாங்க பாடிக்கிட்டே போனோம். சிரிப்புதான் வந்துச்சு."

அவளுக்கு எரிச்சல் வந்துவிடக் கூடாதே என்று ஓர் அரசாங்கம் சட்டவிதியே போட்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

இந்தக் கூடுகைகளின் வரலாறு நீளமானது அல்ல. ஐ.நா. சபை 1985ஐ இளைஞர் ஆண்டாக அறிவித்ததை ஒட்டி இரண்டாம் ஜான் பால் தொடங்கிவைத்தது. போலந்தின் செஸ்ட்டொகோவாவில் 1991இல் கூடியபோது, சரிந்துகொண்டிருந்த சோவியத் யூனியனிலிருந்தும் இளைஞர்கள் எல்லை தாண்டி வந்தார்கள். 1995இல் மணிலாவில் கூடியவர்கள் 40 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். ஆக, யாத்ரிகர் என்பவர் எப்போதுமே அரசியலுக்கு வெளியே நிற்பவர் இல்லை.

யாத்திரையைப் பற்றிக் கோட்பாட்டளவில் பேசுகிறவர்கள் விக்டர் டர்னரிடமிருந்துதான் தொடங்குவார்கள். எடித் டர்னருடன் சேர்ந்து கிறிஸ்தவ யாத்திரைகள் பற்றி அவர் எழுதிய நூல் 1978இல் வந்தது. வீட்டையும் ஊரையும் விட்டுக் கிளம்பியவன் வாசல்படியில் நிற்பவனைப் போல, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த நிலையில் மேல் கீழ் அழிந்து ஒரு சமநிலைக் கூடல் உண்டாகிறது என்பது அவர்கள் வாதம். (டர்னர் மார்க்சியத்திலிருந்து விலகிக் கத்தோலிக்கரானவர் என்பதையும் நினைவில் வைக்கலாம்.) 1991இல் ஜான் ஈடும் மைக்கேல் சல்னோவும் தொகுத்த நூல் இதை மறுத்தது. யாத்திரைத் தலம் என்பது சமநிலை பூக்கும் இடமல்ல, ஒன்றோடொன்று மோதும் சொல்லாடல்களின் களம் என்றார்கள். பக்தர், குருமார், வியாபாரி, அரசு என்று ஒவ்வொருவரும் தங்கள் அர்த்தத்தைக் கொண்டுவந்து கொட்டும் பாத்திரம் அது.

எனக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள மனமில்லை. அந்தப் பெண் பாடிக்கொண்டே நடந்ததை வெறும் 'பொய் உணர்வு' என்று தள்ளிவிட முடியாது. டர்னர் சொன்னது அவளுக்கு நடந்திருக்கிறது. ஆனால் அது எந்த மைதானத்தில், யார் போட்ட வேலிக்குள் நடந்தது என்ற கேள்வியை டர்னரை வைத்துக் கேட்க முடியாது.

வேலி இதுதான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இந்த விழாவுக்கென்றே 2006இல் தனிச்சட்டம் இயற்றியது. அதன்கீழ் 2008இல் வந்த விதி, விழாவில் பங்கேற்பவர்களுக்கு 'எரிச்சலோ அசௌகரியமோ' உண்டாக்குபவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைப் போலீசுக்கும் வேறு சிலருக்கும் தந்தது. நிறுத்தாவிட்டால் 5,500 டாலர் வரை அபராதம். குற்றம் எது என்று பாருங்கள். எரிச்சலூட்டியது அல்ல, சொன்ன பேச்சைக் கேட்காததுதான் குற்றம். யாத்ரிகருக்கு எரிச்சல் வந்ததா என்று யாத்ரிகரைக் கேட்கவேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் சார்பில் அதிகாரியே எரிச்சல்பட்டுக்கொள்ளலாம். நம்மூர் 295ஏ பிரிவில்கூட (1927இல் பிரிட்டிஷ் ஆட்சி சேர்த்தது, 2024 முதல் புதிய சட்டத்தில் 299) வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்ததாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சிட்னி விதிக்கு அந்தச் சிரமமும் இல்லை.

எதிர்ப்பாளர்கள் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். விழா தொடங்கிய ஜூலை 15ஆம் தேதியே கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு 'எரிச்சல்' என்ற சொல்லை அடித்துவிட்டது. எது எரிச்சல் என்பது கேட்பவர் மனநிலையைப் பொறுத்தது, அதை வைத்துப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த மூலச்சட்டம் இடம்தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 'அசௌகரியம்' தப்பிப் பிழைத்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் தாராளவாத ஜனநாயகத்தின் வெற்றி என்று கைதட்டிவிட்டுப் போகலாம். அதற்கு ஓர் ஆண்டு முன்னால், 2007இல், அதே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எல்லிஸ் வழக்கு முடிந்திருந்தது. பீடச் சிறுவனாக இருந்தபோது பாதிரியார் ஒருவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், வளர்ந்து வழக்கறிஞரான பிறகு தொடுத்த வழக்கு. அந்தப் பாதிரியார் வழக்கு முடியுமுன்பே இறந்துபோனார். அப்படியானால் யார் மேல் வழக்கு? சிட்னி உயர்மறைமாவட்டத்தின் மேலா? சட்டத்தின் கண்ணில் அது ஆளே அல்ல, பதிவு பெறாத ஒரு சங்கம். சொத்துகளை வைத்திருக்கும் அறங்காவலர் குழுமத்தின் மேலா? அது சொத்தை வைத்திருக்கிறதே தவிர, பாதிரியாரின் நடத்தைக்குப் பொறுப்பல்ல. ஆகவே வழக்குத் தொடுக்கத் திருச்சபையில் யாருமே இல்லை.

திருச்சபை கிறிஸ்துவின் மறையுடல் என்பது இறையியல். பவுலடியார் காலத்திலிருந்து வரும் உருவகம். அதை நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு உறுப்புக்கு வலித்தால் எல்லா உறுப்புக்கும் வலிக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் உடம்பே இல்லாமல் நின்ற ஒன்று, பதினான்கு மாதம் கழித்து ராண்ட்விக் மைதானத்தில் ஏறத்தாழ 4 லட்சம் உடம்போடு நின்றது. அந்த உடம்புக்கு எரிச்சல் வரக்கூடும் என்று அரசு கவலைப்பட்டது. பந்தயம் நின்றுபோனதற்காகக் குதிரைப் பந்தயத் துறைக்குக் கோடிக்கணக்கான டாலர் நஷ்டஈடும் கொடுத்தது. பீடச் சிறுவனுக்கு மட்டும் பதில் சொல்ல ஆள் இல்லை.

எரிச்சல் என்ற சொல் அந்த வாரத்தில் இன்னொரு பக்கமும் திரும்பியது. மெல்போர்ன் தம்பதி ஒருவரின் இரண்டு மகள்களைப் பாதிரியார் ஒருவர் சிறுவயதில் சிதைத்திருந்தார். மூத்தவள் அந்த ஆண்டு ஜனவரியில்தான் இறந்திருந்தாள். அவர்களைப் பற்றிக் கேட்டபோது விழா ஒருங்கிணைப்பாளரான துணை ஆயர் அந்தோனி ஃபிஷர், பெரும்பாலோர் இளைஞர்களின் உற்சாகத்தை ரசிக்கிறார்கள், சிலர்தான் சிடுசிடுப்போடு பழைய காயங்களையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். யாத்ரிகருக்கு வரும் எரிச்சல் சட்டம் காக்கவேண்டிய உணர்வு. பெற்றோருக்கு வந்தது வெறும் சிடுசிடுப்பு. ஜூலை 19 அன்று பதினாறாம் பெனடிக்ட் மன்னிப்புக் கேட்டார். எல்லிஸ் வழக்கு திறந்துவிட்ட ஓட்டையை அடைக்க மாநிலம் சட்டம் கொண்டுவந்தது 2018இல், நாடு தழுவிய விசாரணை ஆணையம் தன் அறிக்கையைத் தந்த பிறகு. அதாவது விழா முடிந்து பத்து ஆண்டு கழித்து.

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறாள். போன மாதம் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். விதியைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். எல்லிஸ் வழக்குக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "எங்களைக் கூட்டிட்டுப் போனாரே ஃபாதர், அவருக்கு இது அப்பவே தெரிஞ்சிருக்குமா அங்கிள்?"