பாலீறும் மொழிபெயர்ப்பும்: திருநர் இளையோர் காதற்புதினங்களை முன்வைத்து

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், குஜராத்தி, கொங்கணி முதலிய மொழிகள் அருகருகே வழங்குகின்றன. இவற்றுள் முதல் மூன்றும் வினைமுற்றில் பால் காட்டும் முறையால் வேறுபடுகின்றன. மலையாளத்தில் 'போயி' என்பது மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொது. தமிழில் 'போனேன்' பால் காட்டாது. 'போனான்', 'போனாள்' எனும் படர்க்கை காட்டும். குஜராத்தியில் தன்மையிலும் ஆண் 'கயோ' என்றும் பெண் 'கயீ' என்றும் கூறுதல் வேண்டும். திருநர் இளையோரைத் தலைமை மாந்தராகக் கொண்ட காதற்புதினங்களை மொழிபெயர்ப்போர்க்கு இவ்வேறுபாடே முதற்சிக்கலாகும்.

மெரிடித் ருஸ்ஸோவின் 'இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்' (2016) என்னும் ஆங்கிலப் புதினத்தில் அமாண்டா என்னும் திருநங்கை தன் கதையைத் தானே கூறுகிறாள். தமிழின் தன்மை வினை இதற்கு இடர் செய்யாது. பிரையன் காட்சரின் 'ஆல்மோஸ்ட் பெர்ஃபெக்ட்' (2009) புதினத்திலோ காதலன் லோகனே கதைசொல்லி, சேஜ் படர்க்கையாகிறாள். ஆங்கிலத்தில் பதிற்பெயர் மட்டும் சுமக்கும் பாலைத் தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் சுமக்கிறது. எழுவாயைத் தொகுத்தாலும் ஈறு மறையாது.

வினையெச்சத் தொடராலும் தொழிற்பெயராலும் ஈற்றைத் தவிர்க்கலாம். ஆயின் நெடுகத் தவிர்த்தால், மாந்தர் தம்மைப் பெண்ணென்றோ ஆணென்றோ உணர்ந்து கூறும் உறுதி மொழிபெயர்ப்பில் இல்லாமற்போகும். 'வந்தார்' எனும் உயர்வுப்பன்மை பதினாறு வயதினர்க்குப் பொருந்தாது. காதலன் கூற்றில் அந்நியமாக ஒலிக்கும்.

தமிழிலக்கண மரபு இதனை முன்பே எண்ணியுள்ளது. பேடு குறித்த சொற்குத் தனி ஈறு இல்லை, பிற பாலின் ஈற்றையே ஏற்கும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்து. எப்பாலை அவாவுகின்றாரோ அப்பாலாகக் கொள்ளுதலை நன்னூல் கூறுகிறது. அஃறிணை போல் வருதலையும் உடன்படுகிறது. இவை இக்காலத் திருநர் கருத்தாக்கத்தைக் கூறுவன அல்ல. எனினும் உடலன்றி விழைவே ஈற்றை வரையறுக்கும் என்னும் நெறி மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும். அஃறிணை ஈறு இன்று இழிவு குறிப்பதால் பகைமாந்தர் கூற்றிலன்றி ஏலாது.

விளிச்சொற்கள் மேலும் நுட்பமானவை. மலையாள வினை பால் காட்டாமையால், ஒரு தாய் 'மோனே' என்பதை விடுத்து 'மோளே' என அழைக்கும் தருணத்திலேயே ஏற்பு வெளிப்படும். தமிழில் அதனை 'மகளே' அல்லது 'அம்மாடி' எனத் தரலாம். 'டா', 'டி' என்பன அத்தகையன அல்ல. இன்றைய இளையோர் பெண்களையும் அன்பால் 'டா' என விளிப்பர். திருநங்கையை நோக்கி வரும் 'டா' அன்பா, மறுப்பா என்பது ஐயத்திற்கிடமாகும். மூலத்தில் அவ்வையம் இல்லையேல் 'டி' என்பதே தக்கது.

சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1994இல் எழுதப்பட்டபோது 'திருநங்கை' என்னும் சொல் பொதுவழக்கில் இல்லை. இன்று திருநங்கை, திருநம்பி, திருநர் என்னும் சொற்கள் நிலைபெற்றுள்ளன. பெயர்ச்சொல் கிடைத்துவிட்டது, வினையீற்றில் தெளிவு வேண்டும். கதைசொல்லியின் ஈறு மாந்தரின் தன்னுணர்வைப் பின்பற்றுதலும், பிறர் கூற்றின் ஈறு பேசுவோர் மனநிலையைக் காட்டுதலும் ஏற்புடைய நெறியாகும். இவ்விரண்டும் கலந்தால், பகைவர் மறுத்ததை மொழிபெயர்ப்பும் மறுத்ததாக முடியும்.