எல்லையோரத்து டிவி – 9: டாமும் ஜெர்ரியும் எந்த மொழி?

சித்தூரில் பல வீடுகளுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. 1911-ல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கமெல்லாம் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதனால்தான் போன வாரம் பார்த்த அந்த டிவி இழுபறி: ஒரு வீட்டில் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’, அடுத்த வீட்டில் தெலுங்குப் பாட்டு நிகழ்ச்சியான ‘சித்ரலஹரி’.

அந்த இழுபறிக்குள் சிக்காதவர்கள் இரண்டே பேர். ஒரு பூனை, ஓர் எலி.

கார்ட்டூன் நெட்வொர்க் 1995 மே மாதம் இந்தியாவுக்கு வந்தபோது முழுக்க ஆங்கிலம். ‘ஸ்கூபி டூ’வும் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ஸும் வாய் ஓயாமல் பேசின, தெலுங்கு மீடியம் பிள்ளைக்கும் புரியவில்லை, தமிழ் மீடியம் பிள்ளைக்கும் புரியவில்லை. ‘டாம் அண்ட் ஜெர்ரி’ வந்தால் மட்டும் எல்லோரும் ஒன்று. கோடை விடுமுறைக்குத் திருப்பதியிலிருந்து வரும் அத்தை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டக்கூட வராது. பாட்டிக்கோ எந்த எழுத்தும் தெரியாது. மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் சிரித்தது. பாட்டி எப்போதும் டாம் கட்சி. “பாவம்டா அந்தப் பூனை, எத்தனை அடிதான் வாங்கும்!” என்பார்.

இந்தப் பூனையையும் எலியையும் உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940-ல் எடுத்த முதல் படத்தில் பூனையின் பெயர் டாம் இல்லை, ஜாஸ்பர். 1958 வரை இருவரும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 114 குறும்படங்கள் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர். டாம் வலியில் போடும் அந்த ஊளை ஹன்னாவின் சொந்தக் குரல்.

ஆனால் பேச்சில்லாத இடத்தை நிரப்பியவர் ஸ்காட் பிராட்லி என்ற இசையமைப்பாளர். அவரை நம் ஆட்கள் யாரும் பெயர் சொல்லிக் கொண்டாடியதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. பூனை பதுங்கி அடியெடுத்து வைத்தால் வயலின் நரம்பு சுண்டப்படும். அடி விழுந்தால் மொத்த வாத்தியமும் அதிரும். கதை சொல்வதே அந்த இசைதான்.

1947-ல் வெளிவந்த ‘தி கேட் கான்செர்ட்டோ’வைப் பாருங்கள். கோட்டு போட்ட டாம், மேடையில் பியானோ முன் அமர்ந்து இசையமைப்பாளர் லிஸ்டின் ‘ஹங்கேரியன் ராப்சடி’யை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள், கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறது. வாசிப்பு அதைத் தூக்கிப் போடுகிறது. பிறகு யுத்தம். விரல்மேல் மூடி விழுகிறது. கட்டைகளுக்கு நடுவே எலிப்பொறி வந்து உட்காருகிறது. டாம் காலால் வாசித்துக்கொண்டே கையால் எலியைத் துரத்துகிறது. இத்தனை ரகளையிலும் சுரம் தவறவில்லை. கடைசியில் ஜெர்ரி வேகத்தைக் கூட்ட, டாம் துவண்டு விழுகிறது. கைதட்டல் எலிக்குப் போகிறது. ஏழெட்டு நிமிடப் படம்தான். லிஸ்ட் யாரென்றே தெரியாமல் அந்த மெட்டை முணுமுணுத்த பிள்ளைகள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த வரிசையின் வேறு பல படங்களில் முகம் காட்டாமல் கால் மட்டும் தெரியும் கறுப்பினப் பணிப்பெண், அன்றைய அமெரிக்க நிறவெறியின் அடையாளம். சிறுவயதில் எங்களுக்கு அது உறைக்கவில்லை. இன்று பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

2007-ல் சன் குழுமத்தின் சுட்டி டிவி தமிழிலும், 2009-ல் குஷி டிவி தெலுங்கிலும் வந்தன. தாய்மொழியில் கார்ட்டூன் கிடைத்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ரிமோட்டுக்கான சண்டை திரும்ப வந்தது. பின்னாளில் பூனைக்கும் எலிக்குமே இந்தியில் வசனம் எழுதிச் சேர்த்தார்கள். அது வேண்டாத வேலை. பிராட்லியின் இசைக்கு மேல் ஒருவர் ஓயாமல் பேசினால் நகைச்சுவை செத்துப்போகிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹன்னா–பார்பெரா காலத்துப் படங்களையே தேடிப் போட்டுக் காட்டுங்கள், வசனம் சேர்க்காத பிரதியாக.