தூரத்திலிருந்து சுடுவது வேட்டையா?

கைப்பேசியில் சுற்றி வரும் காணொளிகளில் இந்த வகையும் உண்டு. அமெரிக்காவின் மலைப்பகுதி ஒன்று. பாறை மேல் ஒருவர் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருக்கிறார். எதிர்ச் சரிவில், வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தூரத்தில், எல்க் எனும் பெரிய மான் மேய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் தூரத்தையும் காற்றின் வேகத்தையும் சொல்கிறார். இவர் குறிநோக்கியின் திருகைச் சரிசெய்து விசையை அழுத்துகிறார். ஓரிரு விநாடி ஒன்றும் நடப்பதில்லை. பிறகு மான் சாய்கிறது. ஒரே கைதட்டல்.

குறி தவறி, அடிபட்ட மான் தப்பி ஓடும் காணொளியை யாரும் பெருமையாகப் போடுவதில்லை. வேட்டைக்காரர்களிடையே பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை அதைப் பற்றியதுதான். வேட்டையே கூடாது என்பவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். வாழ்நாள் முழுக்க வேட்டையாடியவர்களே இந்த நெடுந்தூரச் சூட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஏன் என்று புரிய, தோட்டா துப்பாக்கியை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

மான் வேட்டைக்குப் பயன்படும் சாதாரண ரைபிள் தோட்டா 500 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய முக்கால் விநாடி எடுக்கும். 1,000 மீட்டர் என்றால் ஒன்றரை முதல் இரண்டு விநாடி. கண் சிமிட்டும் நேரம்தானே என்று தோன்றும். ஆனால் மேய்கிற மான் ஓர் அடி எடுத்து வைக்க முக்கால் விநாடி தாராளம். நெஞ்சைக் குறி பார்த்துச் சுட்டது குடலில் போய்ப் பாயும். சுட்டவர் மீது குற்றம் இல்லை, மான் மீதும் குற்றம் இல்லை. சுடும் கணத்தில் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அடுத்தது காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, மரக்கிளையைக் கொஞ்சம் அசைக்கும் காற்றுதான். அது 100 மீட்டரில் தோட்டாவை இரண்டு சென்டிமீட்டர் அளவே தள்ளும். 500 மீட்டரில் ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ 20, 25 சென்டிமீட்டர் அகலம்தான். எல்க்குக்கு இன்னும் சற்றுப் பெரிது. தோட்டா கீழே இறங்கும் அளவைக் கருவிகள் துல்லியமாகக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். லேசர் தூரமானி, கைப்பேசிக் கணக்கீட்டுச் செயலி, திருகு வைத்த குறிநோக்கி என்று எல்லாம் கடையில் கிடைக்கிறது. காற்று மட்டும் அப்படி அடங்குவதில்லை. சுடுபவர் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுப் பள்ளத்தாக்கில் இன்னொரு காற்று, மான் நிற்கும் சரிவில் வேறொரு காற்று. நடுவில் என்ன வீசுகிறது என்பதை அனுபவத்தால் ஊகிக்கத்தான் முடியும்.

தூரம் கூடக் கூடத் தோட்டாவின் வேகமும் குறைகிறது. வேட்டைத் தோட்டா உடலுக்குள் போய் விரிந்தால்தான் விலங்கு விரைவில் சாகும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது விரியாமல், சின்னத் துளை போட்டு மறுபக்கம் போய்விடலாம்.

சரியான இடத்தில் பட்டால் மான் சில விநாடிகளில், கூடிப்போனால் நூறு மீட்டர் ஓடி விழுந்துவிடும். குடலில் பட்டால் மணிக்கணக்கில் உயிர் போராடும். காலில் பட்டால் தப்பிப் பிழைத்தாலும் வரும் குளிர்காலத்தைத் தாண்டுமா என்பது சந்தேகம். கிட்டே இருந்து சுட்டவருக்கு இதெல்லாம் தெரியும். விலங்கு எப்படித் துள்ளியது, எந்தப் புதருக்குள் நுழைந்தது, ரத்தம் என்ன நிறம் என்று பார்த்து, கொஞ்சம் பொறுத்து, தடம் பிடித்துப் போவார். பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து சுட்டவர் அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகலாம். போனாலும், அங்கிருந்து பார்த்தபோது தெரிந்த அந்தப் பாறை எது, இந்த மரம் எது என்று குழம்பிப் போவார். ரத்தத் துளி தொடங்கும் இடமே அகப்படாது. பட்டதா இல்லையா என்றே தெரியாமல், 'தவறிவிட்டது' என்று திரும்பி வருபவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், தூரம் அதிகம் என்பதைவிட, அடிபட்ட உயிரைத் தேடிப் போய் முடித்து வைக்கும் கடமையைத் தூரம் கைநழுவ விடுகிறது என்பதே பெரிய குறை.

மறுதரப்பு பேசுவதையும் கேட்க வேண்டும். 'வருடத்துக்கு மூன்று தோட்டா சுட்டுவிட்டுக் காட்டுக்குள் போகிறவன் 150 மீட்டரிலேயே மானைக் காயப்படுத்துகிறான். நான் வாரம் தவறாமல் பயிற்சி செய்கிறேன். 500 மீட்டரில் நான் அவனைவிடத் துல்லியமாகச் சுடுவேன்' என்கிறார்கள் இவர்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆட்கள் இருப்பது அறியாத மான் அசையாமல் நிற்கும் என்பதும் ஓரளவு உண்மைதான். ஆனால் பயிற்சித் திடலில் முதல் குண்டு தவறினால் அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம். மலையேறி மூச்சு வாங்க, கோணலான பாறையில் படுத்து, ஆறிப்போன குழலிலிருந்து சுடும் முதல் குண்டுதான் காட்டில் கணக்கு. பயிற்சித் தகடு அந்த முக்கால் விநாடியில் நடக்கவும் நடக்காது.

இந்த வாதத்தில் அமெரிக்காவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெயர் பூன் அண்ட் குரோக்கெட் கழகம். பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட், ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் முதலியோர் 1887-இல் தொடங்கிய வேட்டைக்காரர் கழகம் அது. மேற்கு மாநிலங்களில் விலங்குகள் கண்மூடித்தனமாக அழிக்கப்பட்ட காலத்தில், வேட்டைக்காரர்களே தங்களுக்கு வரம்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்று கிளம்பியவர்கள். சுதந்திரமாகத் திரியும் விலங்கைத் துரத்தும்போது மனிதன் நியாயமற்ற சாதகத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்களது அடிப்படை விதி. விலங்குக்கு மோப்பம் பிடிக்க, பார்க்க, ஓட ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும்.

நெடுந்தூரச் சூடு பற்றி அந்தக் கழகம் இத்தனை மீட்டர் என்று கோடு போடவில்லை. நோக்கத்தைப் பார் என்கிறது. கருவியையும் கைத்திறனையும் சோதிப்பதற்காக, உயிருள்ள விலங்கை இலக்குப் பலகையாக வைத்துக்கொள்வது வேட்டை ஆகாது என்பது அதன் நிலை. எனக்கு இது சரியாகப் படுகிறது. சமவெளியில் நல்ல பயிற்சி உள்ளவர் 350 மீட்டரில் சுடுவது ஒழுங்கான வேட்டையாக இருக்கலாம். இன்னும் நூறு மீட்டர் பதுங்கிக் கிட்டே போக வழி இருந்தும், 'எவ்வளவு தூரத்தில் அடித்தேன் தெரியுமா' என்று சொல்லிக்கொள்வதற்காகப் பின்வாங்கிச் சுடுவது வேறு சங்கதி.

சட்டம் இதில் அதிகம் தலையிடவில்லை. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் ரைபிள் வேட்டைக்குத் தூர வரம்பு கிடையாது. ஐடஹோ மாநிலம் மட்டும் பெரிய விலங்கு வேட்டைக்கு 16 பவுண்டுக்கு, அதாவது 7 கிலோ சொச்சத்துக்கு, மேல் எடையுள்ள துப்பாக்கியை அனுமதிப்பதில்லை. நெடுந்தூரத்துக்கென்றே செய்த கனமான துப்பாக்கிகள் அதில் அடிபட்டுப் போகின்றன. நார்வே இன்னும் நேரான வழியில் போகிறது. அங்கே பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். மான் வகைகளை வேட்டையாடும் குழு, அடிபட்ட விலங்கைத் தேடப் பழக்கிய நாய்க்கும் ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். சுடுவதற்கு முன்பே தேடுவதற்கு ஆயத்தம்.

காயத்தோடு விட்ட விலங்கின் கணக்கு மானோடு முடிவதுமில்லை. இந்தியாவின் குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் 1907-இல் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலி, நேப்பாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம்தான் காரணம் என்றும், இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்றும் கார்பெட் எழுதினார். எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்களோ தெரியாது. சுட்டவர் அதை முடிக்காமல் விட்டார் என்பது தெரிகிறது.

நம் நாட்டில் ஆயிரம் மீட்டர் பேச்சுக்கே இடமில்லை. செம்பனைக் காட்டுக்குள் அவ்வளவு தூரம் கண்ணும் எட்டாது. தீபகற்பத்தில் ரூசா, கிஜாங் மான்களை வேட்டையாட 2009-இல் தடை வந்தது. தோட்டத்துக்காரர்களுக்குப் பழக்கமானது பன்றி வேட்டைதான், அதுவும் உரிமம் உள்ளவர்களுக்கு. கையில் இருப்பது ரவைத் துப்பாக்கி. முப்பது, நாற்பது மீட்டருக்கு மேல் போனால் ரவைகள் சிதறிவிடும். அமெரிக்கக்காரனுக்கு 800 மீட்டர் எப்படியோ அப்படித்தான் இதற்கு 70 மீட்டர். 'பட்டால் பட்டது' என்று இரவில் விளக்கடித்துச் சுடுகிறார்கள். பன்றி கத்திக்கொண்டு அடுத்த நிரைக்குள் பாய்கிறது. இருட்டில் யார் தேடுவது என்று வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

காலையில் பெரட்டு முடிந்து அந்த நிரைக்குள் முதலில் நுழைவது குலை வெட்டுபவரோ, உதிரிப் பழம் பொறுக்கும் பெண்ணோதான். அடிபட்ட பன்றி மட்டை அடுக்குக்குப் பின்னால் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. சுட்டவர் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.