துண்டு மகரகமைக்கு என்றால்…

மட்டக்களப்பில், மண்டூர் ஆஸ்பத்திரியிலோ களுவாஞ்சிக்குடியிலோ மருந்தெடுக்கப் போகிறவருக்கு மொழிக் கரைச்சல் குறைவு. சிங்களம் புழங்கும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்த அன்றுதான் நோயை விடப் பாஷை பயமுறுத்தும். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மறுவருடம் 16ஆம் திருத்தம் வந்தது. அதன்படி வடக்கு கிழக்குக்கு வெளியேயும் அரச உத்தியோகத்தரிடம் தமிழில் பேசலாம், தமிழில் பதில் கேட்கலாம். ஆகவே கூச்சம் வேண்டாம். அது அவர் செய்யும் உபகாரமல்ல.

2007 யூலைக்குப் பிறகு சேர்ந்த அரச ஊழியர் மற்ற மொழியையும் ஐந்து வருடத்துக்குள் படிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் பரீட்சை பாஸ் பண்ணுவது வேறு, வயிற்று உளைவு எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்று விசாரித்து அறிவது வேறு. எங்கள் பக்கம் நியமனம் பெற்று வரும் சிங்கள டொக்டர்மாருக்கும் இதே பாடுதான்.

அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்? கூடப் போன மகன், பக்கத்துக் கட்டில்காரர், வாட்டில் வேலை செய்கிற யாரோ ஒருவர். மகன் நிற்கும்போது தாய் தன் இரத்தப்போக்கைச் சொல்லமாட்டாள். அவசரத்தில் நிற்பவர் பத்து வசனத்தை ஒன்றாக்கிவிடுவார். டொக்டர் அந்த ஒன்றை வைத்துத்தான் மருந்து எழுதுகிறார்.

நீங்கள் செய்யக்கூடியது: பெண் நோயாளி என்றால், மொழி தெரிந்த வளர்ந்த பெண்ணொருவரைக் கூட்டிப் போங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸி இருக்கிறாரா என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியில் பி.டி. என்றிருந்தால் நாளைக்கு இரண்டு தரம், டி.டி.எஸ். என்றால் மூன்று தரம். வெளியே வருமுன், விளங்கியதைத் திருப்பிச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே பிடிபடும். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து கேட்டால், விளங்காமல் போடாதீர்கள். வீட்டில் திடீரென்று ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸுக்குத் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

ஆனாலும் நோயாளியின் சமர்த்தை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது. மருந்து கொடுக்க ஓர் ஆளை நியமிப்பதுபோல, பேச்சை மாற்றிச் சொல்லவும் பயிற்சி பெற்ற ஓர் ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இரவு பகலாக வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு பிழைத்தால் ஸ்கேனும் பிழையான இடத்தில்தான் தேடும்.