கடையத்திலிருந்து கடல் தாண்ட: இலக்கிய முகவரைத் தேடும் எழுத்தாளருக்கு

எழுத்தாளரின் சார்பில் பதிப்பகங்களிடம் படைப்பைக் கொண்டுசென்று, விலை பேசி, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துத் திருத்தி, வரவேண்டிய தொகையை வாங்கித் தந்து, அதில் ஒரு பங்கைத் தம் ஊதியமாக எடுத்துக்கொள்பவரே இலக்கிய முகவர். லண்டனில் 1870களில் ஏ. பி. வாட் என்பவர் இதைத் தனித் தொழிலாக நடத்தத் தொடங்கினார். காலப்போக்கில், ஆங்கிலப் பெரும் பதிப்பகங்கள் பலவும் முகவர் வழியாக வராத கையெழுத்துப் பிரதியைப் படிப்பதில்லை என்னும் நிலை உருவாயிற்று. தமிழிலோ எழுத்தாளரே பதிப்பாளரைக் கண்டு பேசிப் புத்தகம் கொடுப்பதுதான் இன்றும் வழக்கம். ஆகவே வடகரையிலோ பண்பொழியிலோ தென்காசியிலோ இருந்து எழுதும் ஒருவர் தமிழில் நாவல் வெளியிடுவதற்கு முகவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த நாவல் மலை தாண்டியும் கடல் தாண்டியும் பிற மொழிகளில் வாசிக்கப்பட வேண்டும் என்று விரும்பும்போதுதான் அந்தத் தேவை எழுகிறது.

படைப்புக்கும் உலகுக்கும் நடுவே ஒருவர் நிற்பது இப்பகுதிக்குப் புதிதன்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடியதற்காக மதுரை நாயக்க மன்னரிடம் நிலம் பெற்றார். அது குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில், குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தாம் சுவைத்த கவிதையை ராஜாஜி, கல்கி போன்றோர் முன் எடுத்துவைத்து, அதற்கு வாசகரைத் தேடித் தந்தார். ஆயினும் புரவலரும் ரசிகரும் முகவர் ஆகார். புரவலர் பரிசளிப்பார், ரசிகர் பரிந்துரைப்பார். படைப்பின் மீதான உரிமை எவரிடம், எவ்வளவு காலத்துக்கு, எந்த நாட்டுக்கு, எந்த வடிவத்துக்கு என்று எழுத்தில் வரையறுத்துக் காக்கும் பொறுப்பு அவர்களுடையதன்று. அந்தப் பொறுப்பை ஏற்க எவரும் இல்லாததால் ஒரு பெருங்கவிஞரின் எழுத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்குத் தென்காசியை அடுத்த கடையமே சாட்சி.

சுப்பிரமணிய பாரதி புதுச்சேரியை விட்டு வெளியேறியபின், 1918 டிசம்பர் முதல் 1920 வரை, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். 1917-இல் கண்ணன் பாட்டை வெளியிட்ட பரலி சு. நெல்லையப்பரே அப்போது அவர் நூல்களை அச்சேற்றுவதில் துணை நின்றவர். கடையத்திலிருந்து பாரதி அவருக்கு எழுதிய கடிதங்களில் அச்சுவேலை பற்றிய ஆவல் தெரிகிறது. 1920-இல் தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல மக்களிடம் பரவச் செய்யும் திட்டத்தை வகுத்து, அதற்குக் கடன் தருமாறு அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். எழுத்தும் அவருடையது, முதலீடு திரட்டுவதும் விற்பனையைத் திட்டமிடுவதும் அவருடைய வேலை என்ற நிலையில் அத்திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

அதன்பின் நடந்ததுதான் இன்றைய எழுத்தாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. வறுமையில் இருந்த குடும்பத்தாரிடமிருந்து பதிப்புரிமை பாரதியின் தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை ஒலிபரப்பும், ஒலித்தட்டில் பதியும் உரிமைகளை அவர் 1934-இல் ஜெசிங்லால் மேத்தா என்னும் வணிகருக்கு 450 ரூபாய்க்கு விற்றார். பின்னர் அவற்றைத் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பன் 9,500 ரூபாய் கொடுத்து வாங்கினார். சென்னை மாகாண அரசு 1949-இல் தலையிட்ட பிறகே அப்பாடல்கள் எல்லோருக்கும் பொதுவாயின. ஒரே பாடலுக்கு அச்சுரிமை வேறு, ஒலியுரிமை வேறு, திரையுரிமை வேறு, மொழிபெயர்ப்புரிமை வேறு. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விலையும் காலமும் குறித்து விற்பதே முகவர் தொழிலின் உயிர்நாடி.

எனவே முகவரைத் தேடுமுன் எழுத்தாளர் தம் பெட்டியில் இருக்கும் தமிழ் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் ஆகியவற்றின் உரிமைகள் பதிப்பாளருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், வெளிநாட்டு முகவருக்குக் கொடுப்பதற்கு அவர் கையில் ஒன்றும் இராது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு நல்ல துணை. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். வாய்ப்பேச்சிலேயே புத்தகம் கொடுத்துப் பழகிய தமிழ்ச் சூழலில் இவ்விதிகளை அறிந்தவர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

அடுத்து வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். தமிழ் அறியாத முகவர் முன் 400 பக்கத் தமிழ் நாவலை வைத்துப் பயனில்லை. தேர்ந்த ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்த முப்பது, நாற்பது பக்கங்களும், முடிவையும் மறைக்காமல் கதையைச் சொல்லும் ஒரு சுருக்கமும், தமிழில் வந்த முக்கிய மதிப்புரைகளின் சாரமும் இருந்தால் அவர் படிக்கத் தொடங்குவார். 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற ‘ஹார்ட் லாம்ப்’ இதற்குத் தக்க சான்று. ஹாசனில் வாழும் பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதிய சிறுகதைகளை, மடிக்கேரியைச் சேர்ந்த தீபா பாஸ்தி மொழிபெயர்க்க, தில்லியின் கனிஷ்கா குப்தா முகவராக நின்றார். வெளியிட்டது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சிறு பதிப்பகம். எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சிறு நகரங்களிலிருந்தே இயங்கினர் என்பது தென்காசிக்காரர் மனத்தில் கொள்ளத்தக்கது. மொழிபெயர்ப்பாளருடனும் தொடக்கத்திலேயே எழுத்தில் உடன்பாடு செய்து, பணத்தில் அவர் பங்கையும் நூலில் அவர் பெயர் இடம்பெறுவதையும் உறுதிப்படுத்துவது நேர்மையானது, விவேகமானதும் அதுவே.

முகவருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. படைப்பு எத்தகையது, எவ்வளவு நீளம், எந்த உரிமைகள் கைவசம் உள்ளன, எழுத்தாளர் யார் என்பவை போதும். அந்த முகவர் ஏற்கெனவே எத்தகைய நூல்களை எடுத்திருக்கிறார் என்று பார்த்து எழுதுவது அவசியம். கவிதைத் தொகுதிகளைப் பெரும்பாலான முகவர்கள் எடுப்பதில்லை, முழுமை பெறாத புதினத்தையும் அப்படியே. பதில் வர மாதங்கள் ஆகலாம். பலரிடமிருந்து பதிலே வராமலும் போகலாம்.

பண விஷயத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உண்மையான முகவர் எழுத்தாளரிடம் முன்கூட்டிப் பணம் கேட்பதில்லை. புத்தகம் விற்றபின் கிடைக்கும் முன்பணத்திலிருந்தும், ராயல்டி எனப்படும் விற்பனைப் பங்கிலிருந்தும் வழக்கமாக 15 விழுக்காடும், அயல்நாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20 விழுக்காடு வரையும் எடுத்துக்கொள்வார். படிப்பதற்குக் கட்டணம், பதிவுக்குக் கட்டணம், அச்சுச் செலவில் பங்கு என்று எதையேனும் முதலில் கேட்பவர் முகவர் அல்லர். பரிசும் புகழும் உறுதி என்று சொல்பவரிடமிருந்தும் விலகிவிடுவதே நலம்.

தமிழில் முகவரின் இடத்தைப் பதிப்பகமே நிரப்புவதும் உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த காலச்சுவடு பல ஆண்டுகளாக பிராங்பேர்ட் புத்தகச் சந்தைக்குச் சென்று, தன் எழுத்தாளர்களின் அயல்மொழி உரிமைகளை விற்றுவருகிறது. தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியும், மொழிபெயர்ப்புக்கு மானியம் அளித்து, உரிமைகள் கைமாற வழி செய்கிறது. வெளிநாடு செல்ல வசதியில்லாத எழுத்தாளருக்கு, தென்காசியிலிருந்து ஓரிரவு ரயில் பயணத்தில் எட்டும் இந்த வாய்ப்பு மிகவும் பெரியது.

முகவர் கிடைத்தபின் கையெழுத்திடும் தாளிலும் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஒரு நூலுக்கா, இனி எழுதப்போகும் அனைத்துக்குமா, எந்தெந்த உரிமைகளுக்கு, விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. இவற்றோடு, எழுத்தாளர் மறைந்தபின்னும் பதிப்புரிமை 60 ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் முகவர் யாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதை உயில் ஒன்றில் பெயர் குறித்து எழுதி, அதன் ஒரு படியை அவரிடமே கொடுத்துவைக்க வேண்டும்.