கணினியில் நுழைந்தவர் யார்?

பள்ளிக் கணினிக்கூடத்தில் உள்ள ஒரு கணினியின் முன் ஒரே நாளில் ஐந்தாறு வகுப்பு மாணவர்கள் அமர்ந்து எழுகின்றனர். யாருடைய கணக்கு எப்பொழுது திறக்கப்பட்டது என்பதை அக்கணினி தானாகவே குறித்து வைக்கிறது. அக்குறிப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிந்து படித்தல் வேண்டும்.

கணினி மிக அரிய பொருளாக இருந்த காலத்தில் இவ்வழக்கம் தோன்றியது. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையைச் செய்துகாட்டினர். ஒருவர் கோப்பை மற்றவர் திறவாதிருக்கக் கடவுச்சொல் வேண்டியதாயிற்று. பின்னர், பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதற்கையேட்டிலேயே 'ஹூ' என்னும் கட்டளை இடம்பெற்றது. அவ்வாங்கிலச் சொல்லுக்கு 'யார்' என்பது பொருள். அதைத் தட்டச்சு செய்தால், அப்பொழுது உள்நுழைந்திருப்போரின் பயனர் பெயரும் நுழைந்த நேரமும் திரையில் வரிவரியாகத் தோன்றும். 'ஹூ ஆம் ஐ' என்று தட்டினால் 'நான் யார்' என்று கேட்பதாகும். திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி வாழ்நாள் முழுதும் ஆராயச் சொன்ன வினா அது. கணினியோ நொடியில் விடை கூறிவிடும், பயனர் பெயரளவில்!

யூனிக்ஸைப் பின்பற்றி எழுந்த லினக்ஸிலும் இக்கட்டளை உண்டு. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. முன்பு நுழைந்து சென்றவர்களை அறிய, லினக்ஸில் 'லாஸ்ட்' என்னும் கட்டளை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது அண்மையில் வந்தவரை முதலிலும், அவருக்கு முன் வந்தவர்களை அடுத்தடுத்தும் காட்டும். மின்தடையால் கணினி திடீரென நின்றிருந்தால், வெளியேறிய நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 'கிராஷ்' என்ற சொல் காணப்படும்.

விண்டோஸ் கணினியில் இச்செய்திகள் 'ஈவன்ட் வியூவர்' என்னும் பகுதியில், பாதுகாப்புப் பதிவேட்டில் உள்ளன. நிர்வாகி உரிமை பெற்றவரே அதைத் திறக்க இயலும். 4624 என்ற எண் நுழைவு நிகழ்ந்ததையும், 4625 நுழைவு முயற்சி தோற்றதையும், 4634 வெளியேறியதையும் குறிக்கும். நள்ளிரவில் பல 4624 பதிவுகளைக் கண்டு, யாரோ கள்ளத்தனமாக நுழைந்துவிட்டார் என்று அஞ்சுவோர் உண்டு. பெரும்பாலும் அவை கணினியின் உள்பணிகள் தாமாகச் செய்துகொண்ட நுழைவுகளே. விசைப்பலகை முன் அமர்ந்து நுழைந்தவரின் பதிவில் நுழைவு வகை 2 என்றிருக்கும். நேரத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. கணினியின் உள்ளே பொத்தான் வடிவில் இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோனால் கடிகாரம் பிழைபடும். பதிவில் உள்ள நேரமும் உடன் பிழைபடும்.

இவற்றைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. பதிவேடு குறிப்பது கணக்கை. கணக்கிற்கு உரியவர் அங்கே அமர்ந்திருந்தாரா என்பது அதற்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக, வகுப்பின் செயல்திட்டக் கோப்பு 11.30 மணிக்கு அழிக்கப்பட்டது என்று கொள்வோம். பதிவேடு ஒரு மாணவியின் கணக்கு 10.05 முதல் 12.40 வரை திறந்திருந்ததாகக் காட்டுகிறது. அவளுடைய பாடவேளையோ 10.45க்கே முடிந்துவிட்டது. வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் அவள் எழுந்து சென்றதால், பின்னர் வந்தவர்கள் செய்த அனைத்தும் அவள் பெயரிலேயே பதிவாயின. கணினிப் பதிவை மட்டும் பார்ப்பவர் அவளையே குற்றவாளி என்பார். வகுப்பு அட்டவணையையும் உடன்வைத்துப் பார்ப்பவர் அவ்வாறு சொல்லார். கடவுச்சொல்லைத் தோழியிடம் கூறியிருந்தாலும் இதே நிலைதான்.

வகுப்பு முழுவதும் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் கூடங்களில் கணினிப் பதிவு ஆளைப் பிரித்துக் காட்டாது. அங்கே கையெழுத்திடும் குறிப்பேடே துணை. இணைய மையங்களுக்காக இந்திய அரசு 2011ஆம் ஆண்டு வகுத்த விதிகளும் இதனையே வேண்டுகின்றன. வருபவரின் பெயர், அடையாளச் சான்று, அமர்ந்த கணினி, நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் ஆகியவற்றை எழுதி, ஓராண்டேனும் காத்து வைத்தல் வேண்டும். பள்ளி வழங்கும் அடையாள அட்டையும் அங்கே சான்றாக ஏற்கப்படும்.