பந்தை அடிப்பது தோள் அல்ல, இடுப்பு!

"டாக்டர், ராத்திரியெல்லாம் தோள்வலின்னு அழறா. அந்த சாஃப்ட்பாலை விட்டுடச் சொல்லுங்க!" என்று ஒன்பதாம் வகுப்பு மகளோடு வந்தார் ஒரு தாய்.

என் குடையைக் கொடுத்து, "மெதுவா வீசிக் காட்டும்மா" என்றேன். காலும் இடுப்பும் அசையவே இல்லை. கை மட்டும்தான் வீசியது. தினம் நூறு தடவை இப்படி வீசினால் எந்தத் தைலம் தாங்கும்?

பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசுபவர் நிற்பது 43 அடி தூரத்தில். மணிக்கு 100 கி.மீ. வேகப் பந்து அரை விநாடிக்குள் வந்துவிடும். அதற்குள் முன்கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, கடைசியில்தான் கை வரவேண்டும்.

இந்த வரிசை உடம்பில் படிய, இடுப்பு உயர ஸ்டாண்டில் பந்தை வைத்து அடிக்க வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை போதும், நடுவில் ஓய்வு. ('நின்ன பந்தை அடிக்கிறது ஒரு பயிற்சியா?' என்று பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும்!) அடுத்து, தோழி பக்கவாட்டில் மண்டியிட்டு மெதுவாகப் பந்தைத் தூக்கிப்போட, வலையை நோக்கி அடிப்பது. மட்டையில் படும்வரை கண் பந்தை விட்டு விலகக் கூடாது.

ஒல்லிப் பிள்ளைகளுக்கு 'பன்ட்' இருக்கிறது. மட்டையை வீசாமல், பந்தைத் தட்டி முன்னால் விழவைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். முதல் பேஸ் 60 அடிதானே!

வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்தப் பெண்ணையும் முதலில் அங்கேதான் அனுப்பினேன்.